தண்டனைக்கும் ஓர் எல்லை உண்டு: அந்தமானில் அல்லாமா பழ்லுல் ஹக் கைராபாதி

கல்முனைக் கரையில் நின்று கிழக்கே நோக்கினால் விரியும் கடல் வங்காள விரிகுடா. அதன் மறு ஓரத்தில் அந்தமான் தீவுகள் உள்ளன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை அத்தீவுகளைத் தாக்கிய ஆழிப்பேரலையே அதே காலையில் மருதமுனையையும் சாய்ந்தமருதையும் காரைதீவையும் வாரிச் சென்றது. அன்று நமது மக்கள் எத்தனையோ ஜனாஸாக்களைக் குளிப்பாட்டவும் கபனிடவும் வழியின்றி, ஒரே குழியில் பலரை அடக்க நேர்ந்தது. அது கடலின் சீற்றம். அவகாசமும் இல்லை, கைகொடுக்க ஆட்களும் இல்லை. எனவே அதற்காக மனிதர் எவர் மீதும் பழி இல்லை.

ஆனால், அவகாசமும் ஆட்களும் இருந்தும் சட்டத்தின் பெயராலேயே இறந்தோருக்கு இந்நிலையை ஏற்படுத்திய ஓர் ஆட்சி அந்தமானில் நடந்தது. 1858ஆம் ஆண்டு முதல் பிரித்தானியர் அங்கு நடத்திய கைதிகள் குடியேற்றத்தையே இங்கு குறிப்பிடுகின்றோம். அக்குடியேற்றத்தில் தம் இறுதி நாட்களைக் கழித்து, அதன் கொடுமைகளை அரபு மொழியில் பதிவுசெய்துவிட்டு, அந்த மண்ணிலேயே அடங்கியவர் அல்லாமா பழ்லுல் ஹக் கைராபாதி. குற்றவாளி எனத் தீர்க்கப்பட்ட ஒருவரிடமிருந்து அரசு எவற்றையெல்லாம் பறிக்கலாம், எங்கே அது நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற வினாவை அவரது வாழ்வு இன்றும் நம் முன் வைக்கின்றது.

கல்விக் குடும்பத்தின் வாரிசு

வட இந்தியாவின் அவத் பிரதேசத்தில், இன்றைய சீதாபூர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் கைராபாத். 1797ஆம் ஆண்டு அங்கு பிறந்தவர் பழ்லுல் ஹக். தந்தை மௌலானா பழ்லுல் இமாம் டில்லியில் ஸத்ருஸ் ஸுதூர் என்ற உயர் நீதிப் பதவியை வகித்தவர். மன்திக் என்னும் தர்க்கக் கலையில் அவர் எழுதிய ‘மிர்காத்’ எனும் சிறுநூல், தர்ஸே நிஸாமி பாடத்திட்டத்தைத் தழுவிய மத்ரஸாக்களில் ஓதியோர் அனைவரும் அறிந்த ஒன்றாகும்.

மகன் தந்தையிடம் தர்க்கத்தையும் தத்துவத்தையும் கற்றார். ஷாஹ் வலியுல்லாஹ்வின் மைந்தரான ஷாஹ் அப்துல் காதிர் திஹ்லவியிடம் ஹதீஸ் கற்றார். பதின்மூன்று வயதளவில் கல்வியைப் பூர்த்தி செய்தார் என்றும், நான்கே மாதங்களில் திருக்குர்ஆனை மனனம் செய்தார் என்றும் அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். பிற்காலத்தில் ராம்பூர் நவாப் முஹம்மத் ஸஈத் கானின் பெயரால் அவர் எழுதிய ‘அல் ஹதிய்யதுஸ் ஸஈதிய்யா’ இயற்கைத் தத்துவத்தில் நெடுங்காலம் பாடநூலாக விளங்கியது. அரபு மொழியில் ஆயிரக்கணக்கான அடிகளில் கவிதை யாத்தவர் அவர். உருது மகாகவி மிர்ஸா காலிபின் நெருங்கிய நண்பர். காலிப் தமது கவிதைத் தொகுப்பைச் செம்மைப்படுத்தியபோது கைராபாதியின் ஆலோசனைக்கு மதிப்பளித்தார் என்பது இலக்கிய உலகம் அறிந்த செய்தி.

அவர் பிறவிப் புரட்சியாளர் அல்லர். இளமையில் கிழக்கிந்தியக் கம்பனியின் டில்லி நிர்வாகத்திலேயே உத்தியோகம் பார்த்தார். 1830களின் தொடக்கத்தில் அப்பதவியைத் துறந்து, ஜஜ்ஜர், அல்வர், டோங்க், ராம்பூர் ஆகிய சமஸ்தானங்களில் பணியாற்றினார். பின்னர் அவத்தின் தலைநகரான லக்னோவில் உயர் நீதிப் பதவி வகித்தார். 1856 பெப்ரவரியில் கம்பனி அவத் இராச்சியத்தைத் தன் ஆட்சியுடன் இணைத்துக்கொண்டது. தம் கண்ணெதிரே ஓர் அரசு ஒரு காகித ஆணையால் மறைந்து போனதைக் கண்டவர்களுள் அவரும் ஒருவர்.

மார்க்க விவாதங்களிலும் அவர் முன்னின்றவர். ஷாஹ் இஸ்மாயில் திஹ்லவியின் கருத்துக்களை மறுத்து அவர் எழுதிய நூல்கள் அக்காலத்தில் பெரும் சர்ச்சையைக் கிளப்பின. அச்சர்ச்சையின் எதிரொலியை இன்றும் நமது ஊர்ப் பள்ளிவாசல்களில் கேட்கலாம். அவ்விரு தரப்பாரும் பிற்காலத்தில் ஓரிடத்தில் வந்து சேர்ந்தனர் என்பதை மட்டும் வாசகர்கள் இங்கு மனங்கொள்ள வேண்டும். அதனைப் பின்னர் காண்போம்.

1857ம் அதன் பின்னரும்

1857 மே மாதம் மீரட்டில் மூண்ட கிளர்ச்சி சில நாட்களிலேயே டில்லியைப் பற்றிக்கொண்டது. அவ்வேளை அல்வரில் இருந்த கைராபாதி அந்த ஆண்டின் ஆகஸ்ட் மாதமளவில் டில்லி வந்து, முதிய பேரரசர் பகதூர் ஷா ஸஃபரைச் சந்தித்தார். ஆங்கிலேயருக்கு எதிரான பத்வாவில் அவர் ஒப்பமிட்டாரா என்பது குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரை அந்தப் பத்வாவின் நாயகராகவே கொண்டாடுவோர் பலர். ஏடுகளைத் துருவி ஆராய்ந்த மாலிக் ராம் போன்றோர் அதனை ஏற்கவில்லை. எவ்வாறாயினும், செப்டெம்பரில் டில்லி வீழ்ந்த பின்னர் அவர் அவத்துக்குச் சென்று, பேகம் ஹஸ்ரத் மஹலின் தரப்புடன் இருந்தார் என்பதே பின்னர் அவர் மீது சுமத்தப்பட்ட குற்றத்துக்கு அடிப்படையாயிற்று.

1858 நவம்பர் 1ஆம் திகதி விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வெளியானது. பிரித்தானியப் பிரஜைகளின் கொலையில் நேரடியாகப் பங்குகொண்டோர் தவிர்ந்த ஏனையோருக்கு அது மன்னிப்பை வாக்களித்தது. கிளர்ச்சியின் தலைவர்களுக்கும் தூண்டியவர்களுக்கும் உயிருக்கு மட்டுமே உத்தரவாதம் அளித்தது. மன்னிப்பை நம்பி ஊர் திரும்பிய கைராபாதி 1859 ஜனவரியில் கைது செய்யப்பட்டார். கிளர்ச்சிக்கும் கொலைக்கும் தூண்டினார் என்ற குற்றச்சாட்டில் லக்னோவில் விசாரணை நடந்தது. தாம் அவரல்லர், தம் பெயரையுடைய வேறொருவரின் செயல்களே தம்மீது சுமத்தப்படுகின்றன என்று அவர் தரப்பில் வாதிடப்பட்டது. அதனை நீதிமன்றம் ஏற்கவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதம் ஆயுட்கால நாடுகடத்தலும் சொத்துப் பறிமுதலும் தீர்ப்பாயின. அவருக்கு அப்போது வயது அறுபதைக் கடந்திருந்தது.

கடல் கடத்தும் தண்டனை

நாடுகடத்தல் அக்காலப் பிரித்தானியப் பேரரசின் வழக்கமான தண்டனைகளுள் ஒன்று. 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 கைதிகள் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கசையடி, கால் விலங்கு, சங்கிலிக் கூட்டமாகக் கல்லுடைத்தல் என்பன அங்கு நாளாந்த ஒழுங்கு. தாஸ்மானியாவின் போர்ட் ஆர்தரும், பசிபிக் கடலின் நடுவே கிடக்கும் நோர்போக் தீவும் அவ்வொழுங்கின் கொடூரத்துக்குப் பெயர்போனவை.

இலங்கையும் இதற்குப் புறம்பாக இருக்கவில்லை. 1818 ஊவா கிளர்ச்சியின் பின் கண்டிப் பிரதானிகள் மொரீசியஸ் தீவுக்கு அனுப்பப்பட்டனர். எஹலப்பொலையும் 1829இல் அத்தீவிலேயே இறந்தார். 1848 மாத்தளைக் கிளர்ச்சியின் நாயகன் கொங்காலேகொட பண்டா கசையடியின் பின்னர் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். மறுபுறம், எகிப்தியத் தலைவர் அராபி பாஷாவை 1883இல் இலங்கைக்குக் கொண்டுவந்ததும் இதே ஆட்சிதான். ஒருவர் நாட்டை மற்றவருக்குச் சிறையாக்கும் வித்தையை அவர்கள் நன்கு கற்றிருந்தனர்.

அவுஸ்திரேலியாவில் இம்முறைக்கு எதிர்ப்பு வலுத்தது. நியூ சவுத் வேல்ஸ் 1840இலும், தாஸ்மானியா 1853இலும் இதிலிருந்து விடுபட்டன. மேற்கு அவுஸ்திரேலியா மட்டும் 1868 வரை கைதிகளைப் பெற்றது. ஆங்கிலேயக் கைதிகளுக்கு இது தகாது என்ற எண்ணம் இங்கிலாந்தில் வளர்ந்த அதே காலத்தில்தான், இந்தியக் கைதிகளுக்கெனப் புதிய தீவு ஒன்று தேடப்பட்டது. வங்காளச் சிறைகளின் தலைமைப் பரிசோதகராக இருந்த டாக்டர் மௌவாட் தலைமையில் மூவர் குழுவொன்று 1857 நவம்பரில் அந்தமானுக்குச் சென்று இடம் தெரிவு செய்தது. 1858 மார்ச் 10ஆம் திகதி, டாக்டர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் அங்கு வந்திறங்கினார். போர்ட் பிளேயர் குடியேற்றத்தின் தொடக்கம் அது.

வாக்கரின் ஒழுங்கு

வாக்கர் அதற்கு முன்னர் ஆக்ரா சிறையின் அத்தியட்சகராக இருந்தவர். ரோஸ், சாத்தம் ஆகிய தீவுகளில் அடர்ந்த காட்டை வெட்டிச் சாய்க்கும் வேலை கைதிகளுக்கு விதிக்கப்பட்டது. மருந்தில்லை, உறையுள் இல்லை, குடிநீரும் குறைவு. தப்பியோடினால் ஒருபுறம் கடல். மறுபுறம் தம் நிலத்தைக் காக்க அம்பெய்த அந்தமான் பூர்வகுடிகள். ஆயினும் கைதிகள் ஓடினர். காட்டின் மறுபுறம் பர்மா இருக்கிறது என்று நம்பி ஓடியோர் பலர்.

முதல் மூன்று மாதங்களின் கணக்கு அரச ஏடுகளிலேயே இருக்கின்றது. ஜூன் நடுப்பகுதி வரை வந்திறங்கிய கைதிகள் 773 பேர். வைத்தியசாலையில் இறந்தோர் 64. தப்பியோடி மீளாதோர் 140. தூக்கிலிடப்பட்டோர் 87. தற்கொலை செய்தவர் ஒருவர். எஞ்சியோர் 481. தூக்கிலிடப்பட்ட 87 பேரும் நாடுகடத்தல் மட்டுமே தீர்ப்பாகப் பெற்றவர்கள். தப்பியோட முயன்று பிடிபட்டதே அவர்களது மரணத்துக்குப் போதுமான காரணமாயிற்று. கைதிகளின் உடலில் சூட்டுக்குறி பதிக்கவும் வாக்கர் அனுமதி கோரினார். மேலிடம் அதனை மறுத்தது, தூக்குகளையும் கண்டித்தது. எனினும் போன உயிர்கள் மீளவில்லை.

நீதிமன்றம் விதித்தது ஒரு தண்டனை. தீவு விதித்தது வேறொன்று. தீர்ப்பில் எழுதப்படாத பட்டினியும் நோயும் கசையும் தூக்கும் அத்தீவில் தீர்ப்போடு சேர்ந்துகொண்டன. அவற்றை எந்த நீதிபதியும் கையொப்பமிட்டு விதிக்கவில்லை. எனவே எவரும் அவற்றுக்குப் பொறுப்புக் கூறவும் இல்லை.

அறிஞர் கைதியானார்

கைராபாதி 1859 ஒக்டோபரில் அந்தமானை அடைந்தபோது வாக்கர் விலகி, ஹோட்டன் பொறுப்பேற்றிருந்தார். அவர் முன்னவரை விட மிதமானவர் என்பர். ஆனால் தீவின் நோய்களும் உணவும் மாறிவிடவில்லை. வந்தவர்களின் ஆடையும் பாதணியும் களையப்பட்டு முரட்டுத் துணி வழங்கப்பட்டது. ஒழுகும் குடிசை, சுடுநீர் போன்ற குடிநீர், உடலெங்கும் பரவிய சொறியும் படையும், மருந்தற்ற காய்ச்சல் என்பவற்றைக் கைராபாதி தம் எழுத்தில் ஒன்றொன்றாக விவரிக்கின்றார்.

முதிய வயதில் அவருக்குக் குப்பை அள்ளும் வேலை தரப்பட்டது என்றும், வானியல் பற்றிய பாரசீக நூலொன்றுக்கு அவர் எழுதிய குறிப்புக்களைக் கண்டு வியந்த அதிகாரி ஒருவர் அவரைத் தேடிச் சென்றபோது தலையில் கூடையுடன் வந்து நின்றார் என்றும் ஒரு செய்தி உலமாக்களிடையே வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. மகன் விடுதலை ஆணையுடன் தீவில் இறங்கியபோது எதிரே வந்தது தந்தையின் ஜனாஸா என்றும் ஒரு கதை உண்டு. இவற்றில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு மக்களின் துயரம் பின்னிய கற்பனை என்று பிரித்தறிதல் எளிதன்று. அவரது துன்பத்தை உணர்வதற்கு இக்கதைகள் தேவையும் இல்லை. அவரே எழுதி வைத்தது போதுமானது.

அவர் எழுதியவற்றுள் மனதை மிகவும் உலுக்குவது இறந்தோர் பற்றிய பகுதி. கைதி ஒருவர் இறந்தால் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் காலைப் பற்றி இழுத்துச் செல்வார். உடுத்திருந்த துணியும் கழற்றப்படும். குளிப்பாட்டல் இல்லை, கபன் இல்லை, தொழுகை இல்லை. மணலைத் தோண்டி உள்ளே தள்ளி மூடிவிடுவர். தம் வாழ்நாள் முழுவதும் மார்க்கச் சட்டத்தைக் கற்பித்த ஒருவர், தமக்கும் இந்த முடிவே காத்திருக்கக்கூடும் என்று அறிந்துகொண்டே இதனை எழுதினார். சாவைக் கண்டு அவர் அஞ்சியதாகத் தெரியவில்லை. மனிதராகப் பிறந்த ஒருவருக்குப் பிற மனிதர் செய்ய வேண்டிய கடைசிக் கடமையும் மறுக்கப்படுவதையே அவரால் பொறுக்க முடியவில்லை.

எழுதுகோலைப் பறிக்க முடியவில்லை

தீவின் ஒழுங்கு பெயரை அகற்றி இலக்கத்தை வழங்கியது. பிற்காலத்தில் ஒவ்வொரு கைதியின் கழுத்திலும் இலக்கமும் தண்டனை விபரமும் பொறித்த மரச்சீட்டு தொங்கவிடப்பட்டது. ஆனால் கற்றவரிடமிருந்து கல்வியைக் கழற்றி வைக்க அவ்வொழுங்கால் இயலவில்லை.

காகோரி ஊரவரான முப்தி இனாயத் அஹ்மதும் அக்காலத்தில் அங்கு கைதியாக இருந்தார். கையில் ஒரு நூலும் இன்றி, நினைவிலிருந்தே அரபுச் சொல்லியல் பற்றிய ‘இல்முஸ் ஸீகா’வை அவர் அங்கு எழுதினார். நபிகளாரின் வரலாற்றையும் அவ்வாறே எழுதினார். ஊர் திரும்பி மூலநூல்களுடன் ஒப்பிட்டபோது அவை பிழையின்றி இருந்தன என்பர். இன்றும் மத்ரஸா மாணவர் ஒருவர் ‘இல்முஸ் ஸீகா’வைத் திறக்கும்போது அந்தமான் கைதி ஒருவரிடமே பாடம் கேட்கின்றார். அறபு நூலொன்றை அதிகாரி ஒருவருக்காக மொழிபெயர்த்த காரணத்தால் முப்தி இனாயத் அஹ்மத் 1860 அளவில் விடுதலை பெற்றார். 1863இல் ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் ஜித்தாவுக்கு அண்மையில் கப்பல் உடைந்து மரணமடைந்தார்.

அவர் தீவை விட்டுப் புறப்பட்டபோது, கரியாலும் பென்சிலாலும் எழுதப்பட்ட சில துண்டுகளை எடுத்துச் சென்றார் எனக் கூறப்படுகின்றது. அவை கைராபாதி தம் மகன் அப்துல் ஹக்குக்கு அனுப்பிய அரபுப் பதிவுகள். ‘அஸ் ஸவ்ரதுல் ஹிந்திய்யா’ என்ற உரைநடையும், கிளர்ச்சியைப் பற்றிய கஸீதாக்களும் அவற்றில் இருந்தன. மகன் அவற்றைச் சேர்த்துப் பிரதி செய்தார். ஆங்கிலேய ஆட்சியில் அச்சிட முடியாத அவ்வெழுத்து, கைப்பிரதியாகவே ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறி வந்தது. அப்துஷ் ஷாஹித் கான் ஷெர்வானியின் உருது மொழிபெயர்ப்புடன் அது அச்சேறியது 1947இல். எழுதியவரைத் தீவுக்கு அனுப்பிய ஆட்சி இந்தியாவை விட்டு வெளியேறிய ஆண்டும் அதுவே.

கைராபாதி 1861 ஆகஸ்டில், ஹிஜ்ரி 1278 ஸபர் மாதத்தில், அந்தமானிலேயே காலமானார். தீவில் அவர் வாழ்ந்த காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. மகன் அப்துல் ஹக் தந்தையின் தர்க்கக் கல்வி மரபை அடுத்த தலைமுறைக்குக் கையளித்தார். மகள்வழிப் பேரர் முஸ்தர் கைராபாதி உருதுக் கவிஞராகப் புகழ் பெற்றார். இந்தித் திரைப்பாடல்களால் நம்மவர்க்கும் அறிமுகமான ஜாவேத் அக்தர் அவ்வழியில் வந்தவர்.

அந்தமான் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது செல்லுலர் சிறை. அது 1906இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. கைராபாதி அதனைக் கண்டவரல்லர். சுவர்கள் எழும்புவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே, கடலையும் காட்டையும் நோயையும் சுவராகக் கொண்ட சிறை ஒன்றில் அவர் வாழ்ந்தார்.

ஒரே தீவில் இரு தரப்பினர்

கைராபாதி மறைந்த சில ஆண்டுகளில் வேறொரு கூட்டம் அந்தமானுக்கு வந்தது. அம்பாலா, பாட்னா வழக்குகளில் தண்டிக்கப்பட்ட மௌலானா யஹ்யா அலி, மௌலானா அஹ்மதுல்லாஹ், முஹம்மத் ஜஃபர் தானேசரி ஆகியோர் அவர்கள். ஷாஹ் இஸ்மாயிலின் இயக்க வழி வந்தவர்கள். அதாவது, கைராபாதி தம் பேனாவால் கடுமையாக எதிர்த்த அணியினர். யஹ்யா அலி 1868இலும் அஹ்மதுல்லாஹ் 1881இலும் அந்த மண்ணிலேயே அடங்கினர். தானேசரி மட்டும் 1883இல் விடுதலையாகித் தம் அனுபவங்களை உருது மொழியில் எழுதினார்.

எந்த அகீதாவைச் சேர்ந்தவர் என்று சங்கிலி எவரையும் கேட்கவில்லை. ஒருவரையொருவர் வழிகெட்டவர் என்று எழுதிக்கொண்ட இரு தரப்பின் மக்களும் ஒரே தீவில், ஒரே மணலில் அடங்கியிருக்கின்றனர். ஒரே தெருவில் இரு பள்ளிவாசல்களை எழுப்பி, ஒருவர் ஜனாஸாவில் மற்றவர் கலந்துகொள்ளத் தயங்கும் நமது ஊர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கின்றது. கருத்து வேறுபாட்டை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அது எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் அந்த மணல் உணர்த்துகின்றது.

எல்லை எங்கே?

தண்டனையே வேண்டாம் என்று எந்தச் சமூகமும் கூறிவிட முடியாது. குற்றத்துக்குத் தண்டனை உண்டு. ஆனால் தண்டனைக்கு அளவும் உண்டு. மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஜுஹைனா கோத்திரத்துப் பெண்ணுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கின்றது. உயிர் போனதுடன் தண்டனை முடிந்துவிட்டது. அதன் பின்னர் அவருக்குரியது மற்ற எல்லோருக்கும் உரிய மரியாதையே என்பது இதன் பொருள்.

இவ்வுண்மையைத் தம் வழியில் உணர்ந்த ஆங்கிலேயரும் இருந்தனர். 1840 முதல் 1844 வரை நோர்போக் தீவை நிர்வகித்த அலெக்சாண்டர் மகோனொக்கி, கைதிகளின் நன்னடத்தைக்குப் புள்ளி வழங்கி விடுதலைக்கு வழி திறந்தார். வணக்கத்தலங்கள் அமைத்தார். இறந்த கைதிகளின் புதைகுழிகளில் பெயர்க்கல் நாட்டவும் இடமளித்தார். மிகுந்த இரக்கம் காட்டுகின்றார் என்ற பழியுடன் அவர் திருப்பி அழைக்கப்பட்டார். அவரது சிந்தனை பின்னாளில் உலகச் சிறைச் சீர்திருத்தங்களுக்கு வித்தாயிற்று. ஆனால் பதினான்கு ஆண்டுகளின் பின் அந்தமானைத் தொடங்கிய போது அதே பேரரசு அப்பாடத்தை மறந்திருந்தது.

இவற்றையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட இந்நாட்டில் வாழும் எவராலும் இயலாது. 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முதலில் தமிழ் இளைஞர்களும், 2019க்குப் பின்னர் முஸ்லிம்களும் விசாரணை முடியாமலே ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தனர். கவிதை நூலொன்றுக்காக 2020இல் கைதான இளம் ஆசிரியர் ஒருவர், நெடுநாள் சிறையின் பின்னர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். தீர்ப்பு விடுதலை, ஆனால் அவர் அனுபவித்தது தண்டனை.

2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொவிட் தொற்றால் இறந்தோரின் உடல்கள் குடும்பத்தினரின் விருப்பத்துக்கு மாறாக எரியூட்டப்பட்டன. அடக்கம் செய்வதால் தீங்கில்லை என்று உலக சுகாதார அமைப்பு கூறியிருந்தும் அது நிகழ்ந்தது. ஓட்டமாவடியில் நல்லடக்கத்துக்கு வழி பிறந்தது 2021 மார்ச் மாதத்தில்தான். 2024 ஜூலையில் அமைச்சரவை அதற்காக மன்னிப்புக் கோரியது. அம்மன்னிப்பை வரவேற்க வேண்டும். எனினும், எந்தக் குற்றமும் செய்யாத மக்களுக்கு, எந்த நீதிமன்றமும் விதிக்காத ஒரு தண்டனை அது என்பதை மறந்துவிடக் கூடாது. தம் பிள்ளையின் உடல் எங்கே இருக்கின்றது என்று அறியாமலே ஆண்டுகளைக் கழிக்கும் தமிழ்த் தாய்மாரும் முஸ்லிம் தாய்மாரும் இக்கரையோரத்தில் அருகருகே வாழ்கின்றனர். இறந்தவருக்குரிய கடமையைச் செய்யவிடாது தடுப்பது வாழ்வோருக்கு விதிக்கும் ஆயுள் தண்டனை என்பதை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அல்லாமா கைராபாதியை நாம் நினைவுகூர வேண்டியது வீரக் கதை ஒன்றின் நாயகராக மட்டுமன்று. நண்பனுக்குக் கவிதை திருத்திக் கொடுத்த, மாணவருக்குத் தர்க்கம் கற்பித்த, கம்பனியிடமும் நவாபிடமும் சம்பளம் பெற்று வாழ்ந்த ஒரு சாதாரண கல்விமானாகவும் அவரை நினைக்க வேண்டும். அத்தகைய ஒருவரை ஓர் அரசு மணலுக்குள் புதைக்கப்படும் இலக்கமாக மாற்ற முயன்றபோது, அவர் செய்தது ஒன்றே: தாம் கண்டதைக் கண்டவாறு எழுதி வைத்தார். அவ்வெழுத்து இல்லாதிருப்பின், அந்தத் தீவில் கபனின்றி அடங்கிய ஆயிரக்கணக்கானோரைப் பற்றி ஆட்சியாளரின் கணக்கேடு மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கும். அதில் அவர்களுக்கு இலக்கங்கள் உண்டு, ஜனாஸாக்கள் இல்லை.

நமது காலத்திலும் சிறைகளிலும் முகாம்களிலும் பெயரறியாப் புதைகுழிகளிலும் முடிந்துபோன வாழ்வுகள் உண்டு. அவற்றைப் பதிவு செய்யும் கடமை எந்த இனத்தவர் என்று பாராமல் நம் எல்லோர் மீதும் இருக்கின்றது. நமது துயரத்தை எழுதும் கை, அயலவரின் துயரத்தையும் அதே நேர்மையுடன் எழுத வேண்டும்.